சிவக்கப் பிறந்த பிள்ளை ஏன் வெளுத்தது?



நல்ல நிறையோடு, சிவக்கச் சிவக்கப் பிறந்த பிள்ளை. ஆறேழு மாதம் போனதும் முகம் வெளுக்கிறது, பாலை ஒதுக்குகிறது, வயிறு வீங்குகிறது. உடனே வீட்டில் பேச்சு எழும். "கண்ணூறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "உம்மாவின் பாலில் சத்தில்லை" என்பார் மாமி. பழியெல்லாம் பெற்றவள் தலையில்தான்! தலசீமியா என்னும் இரத்த நோயுள்ள பிள்ளைகளில் இப்படி நடப்பதுண்டு. தாய்ப்பாலுக்கும் அந்நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பரம்பரையாக வரும் நோயென்றால் பிறந்த அன்றே தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நமது உடலின் கலங்களுக்குள் இருக்கிறது.

கண்ணின் கலத்திலும் தோலின் கலத்திலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகள். ஆனால் எழுதப்பட்ட அத்தனையும் எல்லா இடத்திலும் வாசிக்கப்படுவதில்லை. ஓதத் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும். எழுத்தில் இருந்தும் ஓதலில் ஒலிக்காத அலிபைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எதை வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பதைப் பரம்பரையலகின் அருகே போய் ஒட்டிக்கொள்ளும் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. பாரிஸில் ஜேக்கப், மொனோ என்ற இருவர் 1961இல் இதை ஒரு குடற் கிருமியில் விளக்கினர். பாற்சீனி கிடைத்தால்தான் அதை உடைக்கும் நொதியத்தை அக்கிருமி தாராளமாகத் தயாரிக்கும். இல்லையேல் வீண் செலவு செய்யாது. நம்மில் சிலரை விடக் கெட்டிக்காரக் கிருமி!

இனி இரத்தத்துக்கு வருவோம். கருவிலுள்ள பிள்ளை சுவாசிப்பதில்லை. தாயின் இரத்தத்திலிருந்தே ஒட்சிசனை இழுத்தெடுக்க வேண்டும். ஆகவே அதன் ஈமோகுளோபின், தாயுடையதை விட இறுக்கமாக ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும் வேறு வகை. இரண்டு வகைக்குமுரிய பரம்பரையலகுகளும் 11ஆம் நிறமூர்த்தத்தில் பக்கத்தில் பக்கத்தில், பயன்படும் ஒழுங்கிலேயே வரிசையாக இருக்கின்றன. பிறந்தபின் கருக்கால அலகு மெல்ல மெல்ல அடைபட, வளர்ந்தோருக்குரிய அலகு திறக்கிறது. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்குமிடையில் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

நம் நாட்டில் காணப்படும் கடுமையான தலசீமியாவில் பழுது இருப்பது இந்த இரண்டாவது அலகில். முதலாவது வேலை செய்யும்வரை பிள்ளைக்குக் குறையில்லை. அது ஓய்ந்ததும் குறை வெளியே வருகிறது.

கருக்கால அலகை அடைக்கும் முக்கிய புரதம் பிசிஎல்11ஏ என்பதை அமெரிக்காவின் பொஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டுவர்ட் ஓர்க்கின் ஆகியோரின் குழு 2008இல் காட்டியது. அப்படியானால் அப்புரதத்தை ஒழித்துவிட்டால் என்ன? ஒழிக்க முடியாது, மூளையின் வளர்ச்சிக்கும் நோயெதிர்ப்புக்கும் அது தேவை. ஆகவே செங்குருதிக் கலங்களை ஆக்கும் இடத்தில் மட்டும் அதைத் தூண்டும் சிறு துண்டை வெட்டுகிறார்கள். உறங்கிய கருக்கால அலகு மீண்டும் விழிக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்டோருக்கான இந்தச் சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அங்கீகரித்தது. அமெரிக்காவில் குறித்த விலை 22 இலட்சம் டொலர்! அதற்கு முன் என்பு மச்சையை அழிக்கும் கடும் மருந்தையும் தாங்க வேண்டும்.

நமது பிள்ளைகளுக்கோ இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுவதும், அதனால் உடலில் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றுவதுமே பெரும்பாலும் வழி. குருநாகல் ஆஸ்பத்திரியில் இதற்கெனத் தனி நிலையமே உண்டு.

உம்மாவும் வாப்பாவும் நோயின்றி, ஆனால் பழுதுபட்ட அலகொன்றைச் சுமக்கும் காவிகளாக இருந்தால்தான் பிள்ளைக்கு இந்நோய் வரும். ஒருவரை மட்டும் குற்றஞ்சாட்ட இடமே இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூவருக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்தால் இருவரும் காவிகளாக அமையும் வாய்ப்புக் கூடும், வெளியே முடித்தாலும் இல்லையென்று ஆகாது.

காவியா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். நிக்காஹ் பேசும்போது நகைக்கும் வீட்டுக்கும் ஒதுக்கும் நேரத்தில் சிறிதை இதற்கும் ஒதுக்கலாமே. இன்னொன்று, மாதக் கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கியும் உங்கள் இரத்தச் சோகை மாறவில்லையென்றால், தலசீமியாவுக்கும் சோதிக்க வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். காவிகளின் செங்குருதிக் கலங்களும் இரும்புக் குறைவு போலவே சிறுத்துத்தான் தெரியும்.