சாவி வைத்திருக்கும் அக்கா

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சென்னை, பெங்களூர்க்காரர்கள் வாங்கிப்போட்ட வீடுகள் நிறைய. டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை வெளிநாட்டு அன்பர்கள் வாடகைக்குத் தங்குவார்கள். சித்திரை வெயிலில் பலதும் பூட்டித்தான் கிடக்கும்.

எங்க ஊர் அக்கா ஒருத்தர் அப்படி ஒரு வீட்டுக்குச் சாவி வைத்திருக்கிறார். ஆள் தங்கினால்தான் கூலி. ஓனர் செல்போனில் கேமரா பார்க்கிறார். வாசலுக்கு யார் வந்தது என்று தெரியும். மாடித் தொட்டி மூடியைக் குரங்கு தள்ளிவிட்டது தெரியாது. போர் தண்ணி உப்பு கீசரில் படிவதும், இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணி வற்றுவதும் தெரியாது. பூட்டின வீடுதான் சீக்கிரம் கெடும். எங்க பம்புசெட்டும் அப்படித்தான், நாலு மாசம் ஓட்டாமல் விட்டால் மக்கர் பண்ணும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரருக்கு. பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படம் பிடித்து அனுப்புவது அக்கா.

2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் செத்துப்போனார்கள். அந்த மழையில் அக்காவுக்கு ஓயாமல் போன். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா, போய்ப் பாருங்க." அக்கா வீட்டுக்குள் வந்ததா என்று கேட்கவில்லை.

வருஷம் 12 மாசமும் சம்பளம் கொடுங்கள். வாரம் ஒருநாள் ஜன்னலைத் திறந்து, மோட்டாரை ஓட்டி, தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். வாடகை வராத மாசத்தில் எப்படி என்பீர்கள். சீசன் வாடகையில் எடுத்து வைக்க வேண்டியதுதான். கேமராவுக்கு இன்டர்நெட் பில் வருஷம் பூரா கட்டுகிறீர்கள்தானே?