தராசு எதற்கு? தேக்கரண்டி எதற்கு?

எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர் புளியங்குடி. உடம்பு இளைக்க விரும்பும் ஒருவர் அங்கே பழம் வாங்குகிறார். பழத்தைத் தராசில் நிறுத்துக் கலோரி கணக்கு எழுதுகிறார். பிழிந்த சாற்றில் சர்க்கரையை மட்டும் அள்ளிப் போடுகிறார்!

இது தலைகீழ்க் கணக்கு.

எலுமிச்சைச் சாற்றில் கலோரி சொற்பம். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில், அதாவது 5 கிராமில், 20 கலோரி உண்டு. தலை தட்டாமல் குவித்து அள்ளினால் இன்னும் கூடும்.

எண்ணெய் அதைவிடப் பொல்லாதது. 1 கிராம் மாவுச் சத்து 4 கலோரி தரும். 1 கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். தோசைக்கு ஒரு தேக்கரண்டி கூடுதலாக ஊற்றினால் சுமார் 45 கலோரி ஏறும்.

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. சோறானதும் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. கூடியது தண்ணீர்தான்! ஆகவே உலையில் போடுமுன் அரிசியை அளப்பதே சரி.

கீரைக்கும் வெள்ளரிக்காய்க்கும் தராசு வேண்டாம். கலோரி அட்டவணையில் உள்ள எண்களே சராசரிதான். எல்லாவற்றையும் நிறுத்தால் அலுப்புத்தான் மிஞ்சும்.

இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளிகள் டாக்டர் சொன்னபடி அளக்க வேண்டும். மற்றவர்கள் சர்க்கரை, எண்ணெய், அரிசி மூன்றையும் தலை தட்டி அளந்தால் போதும்.