மந்தை சும்மா கிடக்கவில்லை

பதிவு கொஞ்சம் நீளம்தான். வெளியூரில் இருக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம்ம ஊர் மந்தையில் தொகுப்பு வீடு கட்ட, வருகிற ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் வைக்கப் போகிறார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் இதை எதிர்த்து நாலு வரி எழுதினேன். என்னிடம் படித்த தம்பி ஒருவர் உடனே கேட்டார்: "சார், உங்களுக்கு மாடி வீடு இருக்கு. இல்லாதவனுக்குக் கிடைக்கிறதை ஏன் தடுக்கிறீங்க? அந்த இடம் சும்மாதானே கிடக்கு?"

கேள்வி நியாயமானது. குழுவில் பதில் சொன்னால் ஸ்டிக்கர்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வீடு கட்டாயம் வேண்டும். காலனியில் ஒரே கூரைக்கு அடியில் மூன்று குடும்பம் இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளும் என்னிடம்தான் கணக்குப் படித்தார்கள். வீடு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. யாருடைய நிலத்தை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"சும்மா கிடக்கு" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வரிக்கணக்குக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கி வைத்த நிலம் புறம்போக்கு. நம் மந்தை 'அ' பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். வரி வராத நிலம் என்பதால் வேலைக்கு ஆகாத நிலம் என்று ஆக்கிவிட்டோம். பிறகு அந்தச் சொல்லையே ஆளைத் திட்டவும் எடுத்துக்கொண்டோம்.

மந்தை சும்மா கிடப்பதாகச் சொல்கிறவர்கள் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். எத்தனை ஆடு நிற்கிறது, யாருடைய ஆடு என்று எண்ணுங்கள். தோட்டம் இருக்கிறவர் தன் வரப்பில் மேய்த்துக்கொள்வார். கிணற்றடியில் அகத்தி வைத்து ஒடித்துப் போடுவார். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத அக்கா எங்கே போவார்? பிள்ளைக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும் என்றால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், அவர் கையில் இருப்பது இரண்டு கிடாய்தான். மந்தையை எடுத்துவிட்டு அவருக்கே அங்கே வீடு கொடுத்தால், ஒரு கையில் சாவியைக் கொடுத்து மறு கையில் இருக்கிற கயிற்றைப் பிடுங்குகிறோம். இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. சோளம் காயப்போடுவது, மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி முகாம், பொங்கல் விளையாட்டு, திருவிழா நாடகம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இந்த மந்தையில் எல்லோரும் சமமாக உட்கார்ந்தோம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஊர்க் கூட்டத்தில் சிலர் திண்ணையில் இருந்தார்கள், சிலர் தூரத்தில் நின்றார்கள். உங்களில் சிலருடைய தாத்தாக்கள் நின்றவர்கள்தான். இன்று அவர்கள் பேரைச் சொல்லித்தான் மந்தையைக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் ஒருவராவது "என் நிலத்தில் ஒரு ஏக்கர் விலைக்குத் தருகிறேன், அங்கே கட்டுங்கள்" என்று சொன்னாரா? ஆதிதிராவிடர் வீட்டுமனைக்காகத் தனியார் நிலத்தை உரிய இழப்பீடு கொடுத்து எடுக்க 1978-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. வழி இருக்கிறது, பணம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே கலர் கல் நட்டு, கொடி கட்டி, விற்காமல் கிடக்கிற மனைகளைப் பாருங்கள். கடலை விளைந்த நிலம் அது. இனி அதில் கடலை விளையாது. அந்த மனைகளை வாங்கிக் கொடுத்தால் நான் மாலை போட்டு வரவேற்பேன்.

சரி, கணக்கு வாத்தியார் கணக்குக்கு வருகிறேன். மந்தை நாலு ஏக்கர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்றால் நாலு ஏக்கர் 16,188. ஐப்பசியில் ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் அதில் விழும் தண்ணீர் 16 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் கிட்டத்தட்ட 135 லாரி. ஊரிலேயே பள்ளமான இடம் அது. கார்த்திகை வரைக்கும் கரண்டைக்கால் அளவு நின்று, பாதி மண்ணுக்குள் போய், மீதி ஊருணிக்கு வடிகிறது. அங்கே மண் கொட்டி மேடாக்கினால் அந்த 135 லாரித் தண்ணீர் யார் வீட்டு வாசலுக்கு வரும்? மேற்குத் தெருக்காரர்கள் யோசிக்க வேண்டும். மேடாக்காமல் கட்டினால் புது வீட்டுக்குள்ளேயே வரும்.

இன்னொன்று. 120 வீடு, வீட்டுக்கு 3 சென்ட் என்கிறார்கள். 360 சென்ட் ஆயிற்று. மொத்தமே 400. மீதி 40 சென்ட்டில் தெரு, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் எப்படி அடங்கும்? ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் இதை.

தனியார் ஒருவர் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். 2019-ஆம் ஆண்டு வளர்ச்சி, கட்டட விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. புதிதாக மனை போடுகிறவனிடம் திறந்தவெளி கேட்டு வாங்குகிற அரசு, இருக்கிற திறந்தவெளியை மனையாக்குவது என்ன நியாயம்?

2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்குத் திருப்பித் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்துக்காக வந்த வழக்கு அது. "நிலமற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டே" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். உண்டு. ஏற்கெனவே அரசு அறிவிக்கையின்படி குத்தகை பெற்று இருப்பவர்களை வரன்முறை செய்வதற்கான விலக்கு அது. காலியாக இருக்கிற மேய்க்காலைப் புதிதாகக் கூறு போடுவதற்கு அல்ல.

நம் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர் நிர்வாகம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் ஆடு மேய்த்தவர் அல்ல. தேர்ந்தெடுத்த ஆள் யாரும் இல்லாத நேரத்தில் நமக்கு மிச்சம் இருப்பது கிராம சபை ஒன்றுதான்.

ஆகவே திருப்பூர், சென்னை, கோவையில் இருக்கிற பிள்ளைகளுக்கு: ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போய்விட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். ஜனவரி 26 விடுமுறை நாள்தான், ஒரு நாள் வந்து போகலாம். கூட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் பதிவேட்டில் தீர்மானம் எழுதியிருக்கிறதா, பக்கம் வெற்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். மந்தைக்குப் பதிலாகத் தனியார் நிலம் வாங்கி வீடு கட்டித் தரக் கோரும் மாற்றுத் தீர்மானத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். காலனியிலிருந்து நாலு பேர் நேற்று வந்து படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தியும் கொடுத்தார்கள். அதை முன்மொழியப் போவது அவர்கள்தான், நான் வழிமொழிகிறேன். நகல் வேண்டுகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன்.