சித்தப்பாவின் பிரெஞ்சு வண்டி

வாசக அன்பர்களுக்கு இவ்வாரம் ஒரு பழைய துவிச்சக்கர வண்டியின் கதையைச் சொல்ல விரும்புகின்றோம். விடைத்தாள் திருத்துவதற்கென ஒதுக்கிவைத்த விடுமுறை முழுவதையும் அந்த வண்டியே விழுங்கிவிட்டது. ஆகவே வேறெதைப் பற்றியும் எழுதும் நிலையில் நாம் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

எம் சிறிய தந்தையார் 1985ஆம் ஆண்டில் மன்னாரை விட்டுப் பிரான்ஸ் தேசம் சென்றவர். அப்போது எமக்கு ஐந்து வயது. திருக்கேதீச்சரத்துக்குப் போகும்போது, அவருடைய கனத்த ஆங்கிலேய வண்டியின் கரியரில், கம்பிகளுக்குள் கால் அகப்படாதவாறு கால்களை அகட்டிக்கொண்டு அமர்ந்து, பாலத்தின் இருபுறமும் கடல்நீரைப் பார்த்துச் சென்றது மாத்திரம் நினைவிருக்கின்றது. பாரிஸ் நகரில் அவர் ஓர் உணவுச்சாலையின் சமையலறையில் வேலை பார்த்தார். வேலை முடிந்து வெளியே வரும் வேளையில் நிலக்கீழ் ரயில் நின்றுபோயிருக்கும். அதனால் பழம்பொருட் சந்தை ஒன்றில் மலிவாக வாங்கிய வண்டியில் நள்ளிரவில் வீடு திரும்புவார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரைச் சுமந்த வண்டி அது. அவர் காலமான பின் அதனை விற்க மனமில்லாத அவருடைய மகள், வண்டியைக் கழற்றிப் பெரிய அட்டைப்பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுவந்து எம் வீட்டு விறாந்தையில் இறக்கிவிட்டாள். "அண்ணா, இதில நான் தலைமன்னார் வரை போகவேணும்" என்றாள். ஒரு மாத விடுமுறையே அவளுக்கு இருந்தது.

பெட்டியைத் திறந்தபோது பெஜோ என்னும் பெயரும் சிங்க முத்திரையும் மங்கலாகத் தெரிந்தன. மோட்டார் கார்களால் நம்மவர் அறிந்த பெயர்தான் அது. ஆனால் அந்த நிறுவனம் 1882இலிருந்தே துவிச்சக்கர வண்டிகளைச் செய்துவந்தது. இதுவோ பந்தய வண்டியன்று, சந்தைக்குச் செல்லும் வண்டியுமன்று. நெடும்பயணத்துக்கென்றே பிரெஞ்சுக்காரர் வகுத்த வகை. மெல்லிய உருக்குக் குழாய்கள், சற்றுத் தடித்த ரயர்கள், அலுமினிய மட்காட்டுகள், முன்புறம் பையை வைப்பதற்கு ஒரு சிறு தாங்கி, விளக்குக்கு டைனமோ, பின்சில்லில் ஐந்து பற்சக்கரங்கள். பிற்பாடு வாங்கிப் பூட்டியவை என்றில்லாமல், ஒன்றோடொன்று பொருந்தும்படி முன்கூட்டியே எண்ணி அமைக்கப்பட்டவை இவை யாவும்.

இவ்வகை வண்டிக்கு வித்திட்டவர் சாந்தேத்தியென் நகரத்துப் போல் த விவி என்பவர். 1853இல் பிறந்து 1930இல் மறைந்த அவர், 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் தம் பத்திரிகையில் ஓயாது எழுதி, மலையேற்றத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடினார். கியர் என்பது கிழவருக்கும் பெண்களுக்குமே உரியது என்று எள்ளியவர் பலர். பிரான்சின் பெரும் பந்தயமாகிய தூர் த பிரான்சில் சங்கிலி மாற்றும் கியருக்கு 1937இலேதான் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், 1936இல், அந்நாட்டுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. உழைப்பாளிக் குடும்பங்கள் சைக்கிள்களிலும் இருவர் மிதிக்கும் சைக்கிள்களிலும் கடலையும் மலையையும் பார்க்கப் புறப்பட்டன. விடுமுறைக்கென்றே வளர்ந்த வண்டி என்று இதனைச் சொல்லலாம். எம் சித்தப்பாவோ அதில் வேலைக்குத்தான் போனார்.

எம்மூரில் சைக்கிள் திருத்தும் பெரியவர் ஒருவர் உளர். பெற்றோல் இன்றி வடபகுதி தவித்த 1990களில், கிழிந்த ரயரைத் தைத்தும், ரயருக்குள் ரயர் செருகியும் சனங்களை நடமாடவைத்தவர்களில் அவரும் ஒருவர். 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது அவருடைய கொட்டிலிலும் ஒரு வரிசை நின்றது. வண்டியைச் சுற்றி இருமுறை நடந்தவர், "மாஸ்ரர், இதென்ன சைக்கிளோ, மணிக்கூடோ?" என்று கேட்டார்.

கேள்வியில் நியாயம் இருந்தது. பிரெஞ்சு வண்டியின் அளவுகள் தனி உலகம். நம் நாட்டு வண்டிகள் ஆங்கிலேயரின் அங்குல அளவில் வந்தவை. மிதி அச்சு சுழலும் குழாயின் இருபுறக் கிண்ணங்களில், ஆங்கில முறையில் வலப்பக்கத்துக்கு இடப்புரி. பிரெஞ்சு முறையில் இருபக்கமும் வலப்புரி, 35 மில்லிமீற்றர் விட்டம். மிதிக்கட்டையின் புரி அங்கே 14 மில்லிமீற்றர், இங்கே ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒன்பது பங்கு. கிராங்கைப் பிடிக்கும் கொட்டர் ஆணிகூட அங்கே 9 மில்லிமீற்றர், இங்கே ஒன்பதரை. மயிரிழைபோன்ற வேற்றுமைகள்தாம், ஆயினும் ஒன்று மற்றொன்றில் நுழையாது.

பெரியவரின் முடிவு தெளிவானது. "ஓடாத சைக்கிளை என்ன செய்யிறது? பழைய புரியை வெட்டி எறிஞ்சிட்டு எங்கட புரியைப் போடுவம்." போர்க்காலத்தில் அப்படிச் செய்துதான் அவர் நூற்றுக்கணக்கான வண்டிகளை உயிர்ப்பித்தார். அவரோடு வாதிட எமக்கு நா எழவில்லை. ஆனால் குழாயின் சுவரில் ஒருமுறை வெட்டிய புரியை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. அரைகுறையாகப் பிடிக்கும் புரி பின்னர் கழன்றால் சட்டமே வீண். இரண்டு நாள் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

அந்த இரண்டு நாளில் கிண்ணங்களை மண்ணெண்ணெயில் கழுவினோம். கறுத்த கிறீசின் கீழே உருக்கு மழமழவென்று இருந்தது. தேய்ந்திருந்தவை போல்ஸ்கள் மாத்திரமே. அவற்றை அளந்தபோது எமக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை எவ்வாறு சொல்வது! மீற்றர் அளவை உலகுக்கு ஈந்த தேசத்தவர், இந்த ஓர் இடத்தில் கால் அங்குலப் போல்ஸையே கையாண்டிருக்கின்றார்கள். நம்மூர்க் கடைகள் எதிலும் கிடைப்பது அது. பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு போல்ஸ்களோடு பிரச்சினை தீர்ந்தது. வலப்பக்கக் கிண்ணத்தை மாத்திரம் பெரியவர் தம் பலமெல்லாம் கூட்டி இறுக்கினார். வலப்புரியாதலால் மிதிக்க மிதிக்க அது தளர்ந்துவரும் இயல்புடையது. மிதிக்கட்டைகளில் அவர் வென்றார். பழையவை உடைந்துபோயிருந்தமையால் கிராங்கின் துளையை நம் அளவுக்கு வெட்டிப் பெருப்பித்தோம். கொட்டர் ஆணிகளைக் கடைசல் பட்டறையில் அரை மில்லிமீற்றர் குறைத்து எடுத்தோம்.

ரயரோ பெரும் சங்கடமாயிற்று. பிரெஞ்சுக்காரர் 650பி என்று குறிக்கும் அந்த ரிம்மின் விட்டம் 584 மில்லிமீற்றர். நம் பெரிய சைக்கிளின் ரிம் 635. சிறிய சைக்கிளினது 590. ஆறு மில்லிமீற்றருக்காக மன்னாரிலும் வவுனியாவிலும் கடைகடையாக அலைந்து, சில்லுகளையே மாற்றிவிடலாமோ என்று எண்ணத் தலைப்பட்டோம். அப்போது எம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் மலைச் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். இருபத்தேழரை அங்குலம் என்று விற்கப்படும் புதுமாதிரி வண்டி. அதன் ரயரின் ஓரத்தில் சிற்றெழுத்தில் 584 என்னும் எண் இருந்ததை அவனே காட்டினான். பிரான்சில் வழக்கொழியும் நிலைக்கு வந்துவிட்ட அளவு, புதுப்பெயர் சூடி எம் பாடசாலை வேலியோரம் நின்றுகொண்டிருந்தது! கணிதம் கற்பிக்கும் நாம் இதை ரயரில் படிக்காமல் விட்டோமே என்று வெட்கினோம். மலைச் சைக்கிளின் ரயர் தடித்து மட்காட்டில் உராய்ந்தமையால், மெல்லியது ஒரு சோடி கொழும்பிலிருந்து வரவேண்டியதாயிற்று.

கியர் மாற்றும் கருவி பிளாஸ்ரிக்கால் ஆனது. 1960களில் புதுமையெனப் போற்றப்பட்ட பொருள் வயதேறி வெடித்துவிட்டது. அச்சோடு சேர்த்துப் பூட்டும் தகட்டுடன் வரும் சாதாரணக் கருவியொன்றை வாங்கி மாட்டினோம். பழைய நெம்புகோல் படிகளின்றி வழுக்கிச் செல்வதாகையால் எதனோடும் ஒத்துப்போகும். "மலையில்லாத ஊருக்குக் கியர் என்னத்துக்கு?" என்று அயலவர் நகைத்தனர். மன்னார்வாசிகள் சோளகக் காற்றை மறந்து இப்படிப் பேசலாமா? வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் வீசும் அந்தக் காற்றை நம்பியன்றோ தீவின் கரையில் 'தம்பபவனி' காற்றாலையின் முப்பது கோபுரங்கள் 2020 டிசம்பரில் சுழலத் தொடங்கின. அதனை எதிர்த்து மிதித்தவர்க்குத் தெரியும், எம்மூர் மலை எது என்று.

எஞ்சியவை நிறமும் கரியரும். நீலநிறம் அங்கங்கே உரிந்திருந்தது. பெரியவர் புதுப் பெயின்ற் அடிக்கத் துடித்தார். பிரான்சில் இவ்வகை வண்டிகளைப் போற்றுவோர் தொழிற்சாலையில் வந்த நிலைக்கே மீட்பார்கள் என்று தங்கை சொன்னாள். அப்படியாயின் முதலில் கழற்றவேண்டியது பின்பக்கக் கரியர். நேர்த்தியான அந்த வண்டிக்குச் சற்றும் ஒவ்வாத முரட்டுக் கரியர் அது. தடித்த இரும்புக் கம்பியை வளைத்து, பாரிஸ் பட்டறையொன்றில் சித்தப்பா தாமே நின்று ஒட்டுவித்தது. மீன்பெட்டி கட்டி விற்கச் செல்வோரின் வண்டியில் காண்பதுபோல நீண்டும் அகன்றும் இருந்தது. ஆறு வயது வரை அதில் அமர்ந்துதான் தான் பள்ளிக்குச் சென்றதாகத் தங்கை கூறினாள். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நாமும் ஒன்றும் பேசவில்லை. அகட்டிய கால்கள் எமக்கும் நினைவுண்டு.

கரியர் அப்படியே நின்றது. துருவை மாத்திரம் வினாகிரி தோய்த்துத் துடைத்து, வெறும் இரும்பு தெரிந்த இடங்களில் உப்புக்காற்றுக்கு அஞ்சி நிறமற்ற வார்னிஷ் பூசினோம். பெரியவருக்கு இதில் திருப்தியில்லை. இன்றும் எம்மைக் காணும்போது பெயின்ற் பற்றிக் கேட்பார்.

தங்கையின் விடுமுறையில் நான்கு நாள் எஞ்சியிருக்க, ஒரு காலைப்பொழுதில் புறப்பட்டோம். அவள் அதில், நாம் எம் பழைய வண்டியில் பின்னால். காற்று பக்கவாட்டில் தள்ள, அவள் நெம்புகோலை மெல்ல இழுத்துவிட்டுச் சுகமாக மிதித்தாள். நாம் மூச்சிரைத்தோம். பேசாலையில் தேநீர் அருந்த நின்றபோது மீன் வியாபாரி ஒருவர் வண்டியருகே குந்தினார். சிங்க முத்திரையையோ ஐந்து பற்சக்கரங்களையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரியரை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினார்.

"நல்ல கரியர். எங்க அடிச்சது?"

"பாரிஸில. அப்பா அடிச்சவர்" என்றாள் தங்கை.

அவர் நம்பவில்லை, எம் முகத்தைப் பார்த்தார். பின்பு இடப்பக்கக் கொட்டர் ஆணி தளர்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, தம் பெட்டியிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்துவந்தார். தலைமன்னாருக்கு இன்னும் பாதி வழி இருந்தது.