மணப்பாட்டு வீடுகளையும் கணக்கில் எடுங்கள்



குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றிலிருந்து திருச்செந்தூர்க் கடற்கரையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் சென்ட் என்ன விலை என்பதில்தான் பேச்சு முடிகிறது. ஏவுதளத்தை நான் எதிர்க்கவில்லை. தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் மகிழ்ச்சிதான். என் ஆட்சேபம் அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிற மணப்பாட்டைப் பற்றியது. நிலம், சாலை, தொழிற்பேட்டை பற்றியெல்லாம் பேசும் அரசு, அந்த ஊரின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நான் அறியவில்லை.

கடலை ஒட்டிய மணல் குன்று, அதன்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம், புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் தெருக்களில், இலங்கையோடு வணிகம் செய்து பொருள் சேர்த்த பரதவர் குடும்பங்கள் கட்டிய பெரிய வீடுகள் நிற்கின்றன. அந்த வணிகம் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் தூத்துக்குடி, சென்னை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்து, செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போதுதான் திறக்கின்றன. மணிரத்னத்தின் 'கடல்' படத்தில் இந்த ஊரைத் திரையில் கண்டு வியந்தவர்கள் ஏராளம். வீட்டு உத்திரத்தைக் கரையான் தின்றால் மாற்றுவதற்கு அந்த வியப்பு உதவவில்லை.

வடக்கே காயல்பட்டினம் இன்னொரு வகை. பழைய துறைமுகம் அது. அங்கே திருமணமான பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். கணவர்தான் அங்கே வருவார். மகளுக்கென்று வீடு கொடுப்பது வழக்கம். ஆண்கள் புழங்கும் முன்வாசல் ஒன்று, பெண்கள் புழங்கும் பக்கவாசல் ஒன்று. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெண்கள் தெருவுக்கு வராமலே போய்வர வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய முடுக்குகள் உண்டு. ஒரு சமூகத்தின் உறவு முறையே சுவராகவும் வாசலாகவும் அங்கே நிற்கிறது. அந்த வீட்டை இடித்து நான்கு மாடி எழுப்பினால் முடுக்கும் சேர்ந்து போய்விடும். எத்தனை புத்தகம் எழுதினாலும் அதைத் திரும்பக் கட்ட முடியாது.

நம் அரசு வீடுகளைக் காப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு இருக்கிறது; ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. இல்லம் இருக்கிறது, எங்கள் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் நெற்கட்டும்செவலில் பூலித்தேவனுக்கு நினைவு மாளிகை இருக்கிறது. எல்லாம் தலைவர்களுடையவை. வியாபாரியும் கப்பல்காரரும் சங்கு குளித்தவரும் வாழ்ந்த வீடுகளுக்கு இந்த வரிசையில் இடமில்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தமிழக சட்டமன்றம் 2012-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் எத்தனை தேக்குத் தூண்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து விலைபோயின என்பதை அந்தக் கடைகளுக்கு ஒரு நடை போனவர்களே அறிவார்கள்.

கடலோர வீட்டின் பாடு உள்நாட்டு வீட்டைவிட மோசம். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து வெடிக்கச் செய்யும். பழைய சுண்ணாம்புக் காரை அந்தக் காற்றைத் தாங்கும். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரை அது. மணப்பாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உடன்குடியின் கருப்பட்டிக்கு நாடறிந்த பெயர். ஆனால் இன்று சுவரில் விரிசல் கண்டால் அதன்மேல் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரே உதிர்கிறது. காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சொந்தக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மராமத்துக்குப் பணமும் ஆளும் கிடைக்காதபோது, இடிப்பது அவருக்குச் சுலபமாகத் தோன்றுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 1927-இல் இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வாங்கினார்கள். 609 தோட்டங்கள் சேர்ந்த அந்த முதல் ஆண்டிலேயே 8,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. அந்தப் பணம் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்த செவிலியர்களுக்குப் போனது. ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. நம் பக்கத்திலும் நல்ல முன்மாதிரி உண்டு. புதுச்சேரி வைசியாள் வீதி வீடுகளைச் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் இன்டாக் அமைப்பும் டென்மார்க் அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து, சாதாரணக் குடும்பங்களின் ஓட்டு வீடுகளைப் பழுதுபார்த்தார்கள்.

மணப்பாட்டில் ஊரார் எல்லோரும் கூடும் திருவிழா வாரத்தில், விருப்பமுள்ள குடும்பங்கள் ஒரு நாள் முன்வாசலையும் முற்றத்தையும் திறக்கட்டும். கட்டணம் எல்லோரும் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். வசூலில் ஒரு பங்கு காரை வேலைக்கும் கொத்தனார் பயிற்சிக்கும் போகட்டும். மறு பங்கு, கடலில் ஆளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் படிப்புக்குப் போகட்டும். கணக்கை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்ட வேண்டும். கணக்குக் காட்டாத நன்கொடைச் சுற்றுலா எதுவும் எங்கும் நடக்கக் கூடாது.

வீட்டைக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காயல்பட்டினத்தில் பெண்கள் புழங்கும் பகுதிக்குள் வெளியாள் காலடி வைப்பதை நானும் ஏற்க மாட்டேன். எந்த அறை வரை, எத்தனை பேர், படம் எடுக்கலாமா என்பதையெல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்களே முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். சுற்றுலாத் துறையோ தனியார் நிறுவனமோ அவர்களை நெருக்கக் கூடாது.

சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடலோரத்தைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் ரத வீதிகளில் இதை நாங்கள் பார்த்துவிட்டோம். ஆடித்தபசுக்கு வந்த வெளியூர்க்காரர் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். கேட்டால் நீர்மோர் வரும். திண்ணையும் தார்சாவும் பட்டாசலுமாக இருந்த அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாகிவிட்டன. யாரும் பட்டியல் எடுக்கவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

தூத்துக்குடி மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் மணப்பாடு, காயல்பட்டினம் ஆகிய இரண்டு ஊர்களின் பழைய வீடுகளை உடனே கணக்கெடுத்துப் பட்டியலை வெளியிட வேண்டும். காப்பாற்றி வைத்திருக்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகையும், பழுதுபார்க்கக் கடனும் தர வேண்டும். மணப்பாட்டிலிருந்து வெளியூரும் வெளிநாடும் போய் இந்தக் கடிதத்தைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டை விலை பேச வருகிறவரிடம் சம்மதம் சொல்லுமுன், அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, பக்கத்து வீட்டாரோடும் பங்கு மக்களோடும் ஒரு முறை கலந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.