எனக்கு 1500, அண்ணைக்குச் சைபர்



போன கூட்டத்தில ஜாப்கீப்பர் பற்றிக் கதை வந்து, பாதியில நேரம் முடிஞ்சு போச்சு. "அது முதலாளிமாருக்கு அள்ளிக் குடுத்த காசு, அதுக்கு நாங்கள் ஏன் வக்காலத்து வாங்கவேணும்?" எண்டு ஒரு தோழர் கேட்டார். அங்க சொல்ல வந்ததை இஞ்ச எழுதுறன். கொஞ்சம் வெக்கமான கதையோடதான் தொடங்கவேணும்.

2020 இல நான் பல்கலைக்கழகத்தில இரண்டாம் வருசம். மெல்பேர்ணின் தென்கிழக்குப் பக்கம், ஒரு தமிழ் ஆளின்ட விழா மண்டபத்துச் சமையலறையில சனிக்கிழமைகளில கோப்பை கழுவினன். கிழமைக்கு 200 டொலர் வரும். மார்ச் கடைசியில கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் நிண்டு மண்டபத்தைப் பூட்டியாச்சு. மே மாதம் பார்த்தால் இரண்டு கிழமைக்கு 1500 டொலர் எண்ட கணக்கில எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிச்சு. ஒரு கோப்பையும் கழுவவில்லை. வேலை செய்த காலத்தில வாங்கினதை விட மூன்று மடங்குக்கு மேல.

அதே சமையலறையில கிழமைக்கு ஆறு நாள் நிண்டவர் ஒரு அண்ணை. 2012 இல படகில வந்தவர், பிரிட்ஜிங் விசா. பெரிய பானை எல்லாம் அவரின்ட பொறுப்பு. வேலை செய்ய அனுமதி இருந்தது, வரி இலக்கம் இருந்தது, சம்பளத்தில ஒழுங்காக வரி கழிஞ்சது. அவருக்குக் கிடைச்சது சைபர்.

சட்டம் அப்பிடித்தான் எழுதப்பட்டிருந்தது. 2020 மார்ச் 30 இல அறிவிச்ச ஜாப்கீப்பர், தகுதியான ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே தொகை: இரண்டு கிழமைக்கு 1500. முழுநேரமோ சனிக்கிழமை மட்டுமோ, வித்தியாசம் இல்லை. நான் கஷுவல் எண்டாலும் ஒரு வருசத்துக்கு மேல ஒழுங்காக வேலை செய்ததால உள்ளுக்க வந்தன். பத்து மாதம் வேலை செய்த கஷுவல் வெளியில. குடியுரிமை அல்லது நிரந்தர விசா இல்லாதவர் வெளியில, நியூசிலாந்துக்காரர் தவிர. சர்வதேச மாணவர், ஸ்கில் விசாவில வந்தவர், ரிபிவி எண்டு நாங்கள் சொல்ற தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர், பிரிட்ஜிங் விசாவில காத்திருக்கிறவர் எண்டு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்கள். ஏப்ரல் 3 ஆம் திகதி பிரதமர் ஸ்கொட் மொரிசன், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள ஏலாத விசாக்காரர் சொந்த நாட்டுக்குப் போகலாம் எண்ட கருத்தில கதைச்சார். அண்ணை அதைக் கேட்டிட்டுச் சிரிச்சார். எந்த நாட்டுக்கு எண்டு கேட்கவில்லை.

"காசு காணாது" எண்டு நியாயம் சொன்னவர்களுக்கு மே 22 ஐ ஞாபகப்படுத்தவேணும். திட்டத்துக்கு 130 பில்லியன் டொலர் போகும், 65 லட்சம் பேருக்குக் கிடைக்கும் எண்டுதான் முதலில கணக்குச் சொன்னார்கள். அண்டைக்குத் திறைசேரியும் வரித் திணைக்களமும் வந்து, கணக்குப் பிழைச்சுப் போச்சு, 70 பில்லியன்தான், 35 லட்சம் பேர்தான் எண்டார்கள். சில முதலாளிமார் படிவத்தில தொழிலாளர் எத்தனை பேர் எண்ட இடத்தில "1" போடாமல் "1500" எண்டு தொகையைப் போட்டுவிட்டார்களாம். (எங்கட பெரியப்பா போட்டிருந்தால் நம்பியிருப்பன்.) 60 பில்லியன் டொலர் மிச்சம். அதில ஒரு சிறு பங்கை எடுத்து வெளியில நிண்டவர்களை உள்ளுக்க எடுத்திருக்கலாம். தொழிற்சங்கங்கள் கேட்டன, மாணவர் அமைப்புகள் கேட்டன. நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பேர்க் மறுத்திட்டார். அண்டையில இருந்து "காசு இல்லை" எண்டதை நான் நம்புறதில்லை.

இனி அந்தத் தோழரின்ட கேள்வி. முதலாளிமாருக்குக் குடுத்த காசு எண்டது பாதி உண்மை. வருமானம் 30 வீதம், பெரிய நிறுவனம் எண்டால் 50 வீதம், குறையும் எண்டு முன்கூட்டியே கணிச்சுச் சொன்னால் போதும். பிறகு உண்மையாகக் குறைஞ்சதா எண்டு பார்த்துக் காசைத் திருப்பி வாங்கச் சட்டத்தில வழி வைக்கவில்லை. முதல் ஆறு மாதத்தில சுமார் 27 பில்லியன் டொலர், அந்த அளவுக்கு வருமானம் குறையாத நிறுவனங்களுக்குப் போனதெண்டு 2021 இல திறைசேரியே சொன்னது. லாபம் கூடின ஹார்வி நோர்மன் கடைசியில 6 மில்லியன் டொலரைத் திருப்பிக் குடுத்தது. தொழிற்கட்சியின் ஆண்ட்ரூ லீ மாதக்கணக்கில கத்தினதும், வெளியில வந்த அவமானமும்தான் அதுக்குக் காரணம். சட்டம் கேட்டுக் குடுத்ததில்லை.

இதே அரசாங்கம்தான் ரோபோடெட் நடத்தினது. சென்டர்லிங்கில காசு எடுத்த ஏழைகளின்ட வருட வருமானத்தைச் சராசரி ஆக்கி, இல்லாத கடனை உருவாக்கிக் கடிதம் அனுப்பினார்கள். அது சட்டவிரோதம் எண்டு ஆனபிறகு, 2020 மே 29 இல, சுமார் 721 மில்லியன் டொலரைத் திருப்பிக் குடுக்கிறோம் எண்டு அறிவிச்சார்கள். 60 பில்லியன் பிழை வெளியில வந்து சரியாக ஒரு கிழமை. ஏழை எடுத்த ஒவ்வொரு சதத்தையும் தேடிப் போகத் தெரிஞ்ச இயந்திரத்துக்கு, முதலாளியிட்டக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மற்றப் பாதி உண்மையை நாங்கள் விழுங்கக் கூடாது. 2020 ஏப்ரலில் இருந்து யூலை வரைக்கும் குறைஞ்சது 7 லட்சம் வேலைகள் இந்தத் திட்டத்தால தப்பினதெண்டு ரிசேர்வ் வங்கி ஆய்வாளர்கள் கணிச்சார்கள். அதில ஒண்டு என்ட அம்மாவின்ட வேலை. அந்தக் காசு இல்லாட்டி எங்கட வீட்டு மோர்ட்கேஜ் என்ன ஆகியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். டண்டினோங்கில இருக்கிற ஒரு தொழிலாளியிட்டப் போய், அது மூலதனத்துக்கான மானியம், நாங்கள் எதிர்க்கிறோம் எண்டால் அவர் எங்களுக்குத் தேத்தண்ணி கூடத் தரமாட்டார். அது சரிதான்.

எனக்குப் பிரச்சினை, காசு யாரின்ட கையால வந்தது எண்டதில. ஜாப்கீப்பருக்கு விண்ணப்பிக்கிறதா இல்லையா எண்டு தீர்மானிக்கிறது முதலாளி. அவர் விண்ணப்பிக்காட்டி உங்களுக்கு இல்லை. விண்ணப்பிச்சால், உங்கட மணித்தியாலத்தைக் குறைக்கவும் வேலையை மாத்தவும் அவருக்குப் புது அதிகாரம் சட்டத்தில சேர்த்துக் குடுத்தார்கள். எங்கட மண்டப முதலாளி கெட்டவர் இல்லை, எங்கட காசில கை வைக்கவும் இல்லை. அண்ணையைப் பற்றிக் கேட்டதுக்கு, "சட்டம் அப்பிடி, தம்பி, நான் என்ன செய்ய?" எண்டார். உண்மைதான். ஆனால் பூட்டித் திறந்து நடந்த அந்த நாளுகளில சின்னச் சின்ன ஓடர் வந்தபோது, யாரைக் கூப்பிடுறது அவருக்கு லாபம்? அரசாங்கம் சம்பளம் குடுக்கிற என்னை. தன்ட கையில இருந்து குடுக்கவேண்டிய அண்ணையை அவர் கூப்பிடவில்லை. இருபது வருச அனுபவம் உள்ள மனிசன் வீட்டில இருக்க, நான் போய்ச் சோறு கிண்டினன்.

வெளிநாட்டுத் தோழர்களோட கதைச்சபோதுதான் இது விதியில்லை எண்டு விளங்கினது. பிரித்தானியாவில ஃபேர்லோ திட்டம் 80 வீதச் சம்பளம், மாதம் 2500 பவுண்ட்ஸ் வரை. குடியேறினவர்களுக்கு அன்பான அரசாங்கம் எண்டு அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஆனாலும் ஃபேர்லோவைப் பொதுநிதி உதவியாகக் கணக்கெடுக்கவில்லை. எந்த விசாவில இருக்கிற ஊழியரையும் சேர்க்கலாம் எண்டு விட்டார்கள். (தஞ்சம் கேட்ட ஆக்களில அநேகமானோருக்கு அங்க வேலை செய்யவே அனுமதி இல்லை எண்டது வேற கொடுமை.) கனடாவில முதலாளிமாருக்கான மானியத்தோட, தொழிலாளிக்கு நேரடியாக நாலு கிழமைக்கு 2000 டொலர் குடுத்த சேர்ப் இருந்தது. தற்காலிக விசாக்காரரும் சமூகக் காப்புறுதி இலக்கமும் 5000 டொலர் வருமானமும் இருந்தால் கேட்கலாம். பிறகு அதில பல பேருக்குத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் போனதையும் ரொறன்ரோத் தோழர்கள் மறக்கவில்லை.

அவுஸ்திரேலியாவே ஒரு வருசத்தில இதைச் செய்து காட்டினது. ஜாப்கீப்பர் 2021 மார்ச் 28 இல முடிஞ்சுது. அந்தக் குளிர்காலம் திரும்ப லொக்டவுன் வர, பேரிடர் கொடுப்பனவு எண்டு புதுசாக ஒண்டு வந்தது. முதலாளி நடுவில இல்லை. வேலை செய்ய அனுமதி உள்ள தற்காலிக விசாக்காரருக்கும் உண்டு. ஓகஸ்டில இருந்து, கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல வேலை இழந்தவர்களுக்கு 750 டொலர். அண்ணைக்காகப் போனில நான்தான் மொழிபெயர்த்தன். வரிசையில காத்திருந்த நேரம்தான் நீளம், கேள்விகள் கொஞ்சம்தான். காசு வந்தது. "இதைப் போன வருசமே செய்திருக்கலாம் தானே?" எண்டார். நான் மொழிபெயர்ப்பாளர் மாதிரியே பேசாமல் இருந்தன்.

ஏனெண்டால், போன வருசம் என்ட 1500 இல நான் ஒரு லப்டொப் வாங்கினன். அண்ணைக்குக் கோயிலில இருந்து அரிசி, பருப்பு மூட்டை போனது. அதைக் காரில கொண்டுபோய் இறக்கினதும் நான்தான். அந்த நேரம் அது எனக்குத் தொண்டாகத் தெரிஞ்சது.

எங்கட சங்கங்கள் மூட்டை கட்டுறதில நல்ல கெட்டிக்காரர். மூட்டை வேணும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வருசம் முழுக்க எந்தத் தமிழ் வர்த்தகரும் தன்ட சமையலறைக்காரருக்காகப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினதை நான் பார்க்கவில்லை. இந்த உறுப்பினரோட படம் எடுக்க அவைக்கு நேரம் இருந்தது.

வாற கூட்டத்தில எங்கட கோரிக்கைப் பத்திரத்தைத் திருத்தேக்க, "தற்காலிக விசாக்காரருக்கு உதவி" எண்ட வரியை எடுத்திட்டு இப்பிடிப் போடுவம் எண்டு கேட்கிறன்: அடுத்த பெருந்தொற்றோ வெள்ளமோ வந்தால், சம்பளப் பாதுகாப்பு தொழிலாளியின்ட கணக்குக்கு நேரடியாக வரவேணும், வரி கட்டுற யாருக்கும், விசா பார்க்காமல், லாபம் கூடின நிறுவனத்திட்ட இருந்து திருப்பி வாங்கிற பிரிவோட. சம்பள விபரம் ஒவ்வொரு முறையும் வரித் திணைக்களத்துக்குப் போகுது, ஆக்களைக் கண்டுபிடிக்கத் தெரியாது எண்டு சொல்ல ஏலாது. அண்ணையையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறன். இரவு வேலை, எட்டு மணிக்கு முதல் முடிச்சால் வாறன் எண்டிருக்கிறார். ஆனபடியால் இந்த முறை ஆறு மணிக்கே தொடங்குவம்.