18 கட்டத்துக்குள் அடங்காத வாத்தியார்

சீனாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர்களின் புலம்பல்களை எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா மக்களே? தெருவில் வெறித்துப் பார்க்கிறார்கள், வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறார்கள், தண்ணீர் கேட்டால் வெந்நீர் தருகிறார்கள் என்று ஆரம்பிக்கும். வாசித்து முடிப்பதற்குள் "சீனாக்காரங்களே இப்படித்தான் போல" என்று நாமும் முடிவு கட்டியிருப்போம்.

அந்த முடிவு தப்பு என்பது என் கட்சி. இன்றைக்கு அந்த ஆசிரியரின் நாளைக் கெடுப்பதில் பெரிய பங்கு ஃபார்ம்களில் இருக்கும் கட்டங்களுக்குத்தான். நாளைக்கு அந்த மாதிரிக் கட்டங்களை வடிவமைக்கப் போவது நாம்தான். அதனால்தான் இதை நம்ம இதழில் எழுதுகிறேன்.

வெறித்துப் பார்ப்பதெல்லாம் பழைய கதை. பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்கர் 1996-ல் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஃபூலிங் என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனார். அவர் தெருவில் நின்றாலே கூட்டம் கூடிவிடும். அந்த இரண்டு வருட அனுபவத்தைத்தான் 'ரிவர் டவுன்' என்று புத்தகமாக எழுதினார். அதே மனிதர் 2019-ல் சிச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு மறுபடி வாத்தியாராகப் போனார். இந்த முறை அவரிடம் எழுத்துப் பயிற்சி பெற்றவர்களில் நம்மை மாதிரி பொறியியல் மாணவர்கள் நிறைய. இடைப்பட்ட காலத்தில் நாடே மாறிவிட்டது. பெரிய நகரங்களில் இப்போது வெளிநாட்டுக்காரரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சிக்கல் என்னவென்றால், அங்கே இருக்கும் மெஷின்களும் அவரைக் கண்டுகொள்வதில்லை.

ஏன் என்று கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்ப்போம். சீனக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 18 இலக்க அடையாள எண் உண்டு. முதல் 6 இலக்கம் ஊர். அடுத்த 8 இலக்கம் பிறந்த தேதி. அதற்கடுத்த 3 வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். அதற்கு 11-ஆல் வகுத்து மீதி பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. விடை 10 வந்தால் அந்த இடத்தில் 'எக்ஸ்' போடுவார்கள். செம டிசைன், ஒத்துக்கொள்ள வேண்டும். தப்பாக ஒரு இலக்கம் தட்டினால் அங்கேயே பிடித்துவிடும்.

இப்போது அந்தக் கட்டத்தில் ஒரு பாஸ்போர்ட் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நம்ம இந்திய பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, ஏழு இலக்கம். மொத்தம் எட்டே எட்டு. "தவறான எண்" என்று திருப்பி அனுப்பிவிடும். பார்சல், மருத்துவமனை டோக்கன், சிம் கார்டு, மியூசியம் டிக்கெட் என்று எல்லாமே போனில் நடக்கிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. உள்ளூர்க்காரர் பத்து விநாடியில் முடிக்கிற வேலைக்கு நம்ம வாத்தியார் அரை நாள் லீவு போட்டுவிட்டு கவுன்டரில் போய் நிற்க வேண்டும்.

பெயர் இன்னொரு தலைவலி. சீனப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எழுத்து. வாத்தியார் பெயரோ பாஸ்போர்ட்டில் மூன்று சொல்லாக நீளும். வங்கியில் இடைவெளி விட்டுப் பதிந்திருப்பார்கள், போன் கம்பெனியில் இடைவெளி இல்லாமல் பதிந்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பணம் செலுத்தும் ஆப், "இது நீங்கள் இல்லை" என்று சொல்லிவிடும். ஒரே ஒரு ஸ்பேஸ், அவ்வளவுதான்! இதில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணே மாறும். பழைய எண்ணில் இருந்த வங்கி, சிம், ஆப் எல்லாவற்றையும் முதலில் இருந்து சரிசெய்ய வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குள் வந்தாலும் இதே கதைதான். "நாளைக்கு கிளாஸ் இல்லை" என்று முந்தின இரவு சொல்கிறார்கள் என்பது வெளிநாட்டு ஆசிரியர்கள் அடிக்கடி சொல்லும் புகார். ஆனால் சீன ஆசிரியர்களுக்கும் பல நேரம் கடைசி நிமிடத்தில்தான் தகவல் வரும். அவர்களுக்கு அது வீச்சாட் குரூப்பில் சீன மொழியில் வந்துவிடும். வாத்தியார் அந்த குரூப்பில் இருக்க மாட்டார், இருந்தாலும் வாசிக்கத் தெரியாது. அவருக்கு யாராவது நினைவு வைத்துச் சொன்னால்தான் உண்டு. அதே மாதிரி, அக்டோபர் 1 தேசிய தின விடுமுறை ஒரு வாரம் என்பார்கள். அதில் சில நாட்களை முன்னாலோ பின்னாலோ வரும் சனி, ஞாயிறில் வேலை செய்து ஈடுகட்ட வேண்டும். சனிக்கிழமை காலேஜ் வைத்து "இன்னைக்கு செவ்வாய் டைம்டேபிள்" என்று அறிவிக்கிற சோகம் நமக்குத் தெரியாதா என்ன?

இதுவரை சொன்னது எரிச்சல். இனி சொல்வது அநியாயம்.

அங்கே மொழி ஆசிரியராக வேலை அனுமதி வாங்க, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆங்கிலம் என்றால் நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. இருபது வருடம் ஆங்கிலம் கற்பித்த ஒரு சென்னை டீச்சர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். இந்தப் பட்டியலில் உள்ள நாட்டில் பிறந்து, ஒரு டிகிரியும் ஒரு பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்கும் இளைஞருக்கு வழி இருக்கிறது. அந்தக் கட்டம் கேட்பது பாஸ்போர்ட் எந்த நாடு என்று மட்டுமே. கற்பிக்கத் தெரியுமா என்று கேட்க அதில் இடமே இல்லை.

"வேற விசாவில் வந்து சேருங்க, மற்றதை நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வேலைக்கென்று இருக்கிற விசா 'இசட்' வகை. மாணவர் விசாவிலோ வணிக விசாவிலோ போய், அனுமதி இல்லாமல் பாடம் எடுத்தால் சீனச் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். நிலைமை மோசமென்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. மாட்டுவது ஏஜென்ட் இல்லை, நீங்கள்தான். சரியான விசாவில் போனாலும் வேலை அனுமதி ஒரே நிறுவனத்தோடு கட்டப்பட்டது. பழைய இடத்தில் விடுவிப்புக் கடிதம் தராமல் இழுத்தடித்தால் புது வேலை தள்ளிப்போகும். சம்பளத்தைப் பற்றி வாய் திறக்க வாத்தியார் ஏன் யோசிக்கிறார் என்பது இப்போது புரியும்.

"அவங்க நாடு, அவங்க ரூல். பிடிக்கலைன்னா கிளம்ப வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 140 கோடிப் பேருக்கு ஒரு சிஸ்டம் கட்டும்போது மிகச் சிறிய ஒரு கூட்டத்தை நினைத்து யாரும் தொடங்க மாட்டார்கள். குறை தெரிந்தபோது சீனா திருத்தவும் செய்திருக்கிறது. 2023 ஜூலையில் அலிபேயும் வீச்சாட் பேயும் வெளிநாட்டு வங்கி அட்டைகளைப் பரவலாக ஏற்க ஆரம்பித்தன. அதே வருடம் டிசம்பரில் நிரந்தர வசிப்பு அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்குப் புது அட்டை வந்தது. அதில் எத்தனை இலக்கம் தெரியுமா? பதினெட்டு! கட்டத்தை மாற்றுவதை விட ஆளுக்கு நம்பர் கொடுப்பது சுலபம் என்று யாரோ ஒரு இன்ஜினியருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு இருக்கும் சாதாரண வாத்தியாருக்கு அந்த அட்டை இல்லை. அவர் இன்னமும் பாஸ்போர்ட்டோடுதான் அலைகிறார்.

சீனாவைக் கைகாட்டிச் சிரிக்கவும் நமக்குத் தகுதி இல்லை. நம்ம ஊரில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் ஆதார் வாங்க வேண்டுமென்றால், விண்ணப்பிக்கும் முன் ஒரு வருடத்துக்குள் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை "ஆதார் எண்ணைப் பதிவிடவும்" என்கிற ஒவ்வொரு கட்டத்திலும் அவர் நிற்பது, சீனாவில் அந்த வாத்தியார் நிற்கும் அதே இடத்தில்தான். அவ்வளவு ஏன், அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நாம், வெளிநாட்டு ஃபார்மில் "குடும்பப் பெயர் கட்டாயம்" என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் முழித்ததில்லையா? அப்போது அந்த ஃபார்மைச் செய்தவனை என்னவெல்லாம் திட்டினோம்!

அடுத்த சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் செய்யப் போவது உங்களில் ஒருவர்தான். போன் நம்பர் பத்து இலக்கம்தான் இருக்க வேண்டும், பெயரில் புள்ளி வரக்கூடாது என்றெல்லாம் கண்டிஷன் எழுதுவதற்கு முன், நம்ம ஹாஸ்டலில் இருக்கும் ஒரு வெளிநாட்டு மாணவரைக் கூப்பிட்டு அதை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறாரோ, அங்கே உங்கள் கோடிங்கைத் திருத்துங்கள். ஐந்து நிமிட வேலை.